ரிச்மண்டின் முப்பது சதவீதம்

1983 செப்டம்பரில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டின் நகராட்சி தன் சிறைச்சாலைக் கழிப்பறைகளைப் புதுப்பிக்க டெண்டர் விட்டது. துருப்பிடிக்காத எஃகில் செய்த கோப்பைகளைப் பொருத்தும் வேலை. டெண்டர் போட்டது ஒரே ஒரு கம்பெனி: ஜே. ஏ. கிராசன். கேட்ட தொகை 1,26,530 டாலர். இந்தச் சில்லறை வேலைதான் ஐந்தே கால் வருஷத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், நாடு முழுக்கச் சிறுபான்மையினருக்கு அரசு காண்ட்ராக்ட் கொடுக்கும் முறையையே தலைகீழாக்கியது.

காரணம், அதே ஆண்டு ஏப்ரலில் ரிச்மண்ட் மாமன்றம் போட்டிருந்த ஒரு சட்டம். நகராட்சியிடம் கட்டுமான வேலை எடுக்கிறவர், ஒப்பந்தத் தொகையில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு உள்குத்தகையாகத் தர வேண்டும். அந்த நிறுவனத்தில் 51 சதவீதமாவது சிறுபான்மையினரின் உடைமையாக இருக்க வேண்டும். சட்டம் போடும்போது மாமன்றத்தின் முன்னால் இருந்த கணக்கு எளிமையானது. ஊரில் பாதிப் பேர் கறுப்பின மக்கள். 1978 முதல் 1983 வரை நகராட்சி கொடுத்த நேரடிக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் போனது 0.67 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

கிராசன் கம்பெனி, கான்டினென்டல் மெட்டல் ஹோஸ் என்ற சிறுபான்மை நிறுவனத்தை அணுகியது. கோப்பைகளை வாங்கித் தருவதற்கு அவர்கள் சொன்ன விலை, கிராசன் தன் டெண்டரில் போட்டிருந்ததைவிட 6,183 டாலர் கூடுதல். விதியிலிருந்து விலக்கு கேட்டது கிராசன், நகராட்சி தரவில்லை. அப்படியானால் ஒப்பந்த விலையை 7,663 டாலர் ஏற்றிக் கொடுங்கள் என்றது. அதற்கும் நகராட்சி மசியவில்லை, மறு டெண்டர் விடப் போவதாக அறிவித்தது. வழக்கு கிளம்பியது.

1989 ஜனவரி 23 அன்று வந்த தீர்ப்பைப் புரிந்துகொள்ள, அந்தத் தீர்ப்பு எதையெல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அது ரிச்மண்டில் ஒரு பேட்டையின் கதை.

ஜாக்சன் வார்டு என்பது அந்தப் பேட்டை. 1871-இல் நகரத்தின் வாக்குத் தொகுதிகளை மாற்றி வரைந்தபோது, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் ஓட்டுகளை முடிந்தவரை ஒரே தொகுதிக்குள் அடைத்துவிட வேண்டும் என்று கோடு போட்டார்கள். மற்றத் தொகுதிகள் வெள்ளையர் கையில் பத்திரமாக இருக்கும் என்பது கணக்கு. அடைத்த இடத்தில் அடைபட்டவர்கள் ஓர் ஊரையே கட்டிவிட்டார்கள். மாமன்றத்துக்குக் கறுப்பின உறுப்பினர்கள் தொடர்ந்து போனார்கள். கறுப்பின மக்களின் உடைமையாக அமெரிக்காவில் முதன்முதலில் அரசுப் பட்டயம் பெற்ற வங்கி 1888-இல் இங்கேதான் உருவானது. வில்லியம் வாஷிங்டன் பிரவுன் தலைமையில் இயங்கிய ட்ரூ ரிஃபார்மர்ஸ் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தின் வங்கி அது.

பரஸ்பர உதவிச் சங்கம் என்றால், நோய்க்கும் சாவுக்கும் சேர்த்து வைக்கிற சீட்டு மாதிரி. வெள்ளையர் காப்பீட்டுக் கம்பெனிகள் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் மாதாமாதம் சில சென்ட்டுகள் கட்டி, இறுதிச் சடங்குச் செலவை உறுதிப்படுத்திக்கொண்டன. அந்தச் சில்லறைதான் வங்கி மூலதனமாக வளர்ந்தது. அப்படியொரு சங்கமான செயின்ட் லூக்கை 1899-இல் கையில் எடுத்தவர் மேகி லீனா வாக்கர். துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகள்; பள்ளி ஆசிரியையாக இருந்து, கல்யாணமானதால் வேலையை விட நேர்ந்தவர். 1903 நவம்பரில் அவர் திறந்த வங்கியின் பெயரிலேயே 'பென்னி' இருக்கிறது: செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் பேங்க். அமெரிக்காவில் ஒரு வங்கிக்குப் பட்டயம் பெற்றுத் தலைவராக அமர்ந்த முதல் பெண் அவர். 1905-இல் ஒரு பல்பொருள் அங்காடியும் திறந்தார். கறுப்பினப் பெண்கள் கவுண்டருக்குப் பின்னால் நின்று விற்க, கவுண்டருக்கு முன்னால் கௌரவமாக நின்று வாங்க ஓர் இடம். வெள்ளை வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து அதை எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. வங்கி நின்றது.

அந்த வங்கி திறந்த ஆண்டை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1902-இல் வர்ஜீனியா புதிய அரசியலமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மக்கள் வாக்கெடுப்புக்கு விடாமல் பிரகடனமாகவே வெளியிட்டார்கள். ஓட்டுப் போட வேண்டுமானால் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வீதம் மூன்று ஆண்டுத் தலைவரி கட்டியிருக்க வேண்டும். அரசியலமைப்பைப் படித்து விளக்கம் சொல்ல வேண்டும். கறுப்பின வாக்காளர் பட்டியல் ஒரேயடியாகச் சுருங்கிப்போனது. 1903-இல் ஜாக்சன் வார்டைத் தொகுதி என்ற நிலையிலிருந்தே அழித்துவிட்டார்கள். பெயர் மட்டும் பேட்டைப் பெயராகத் தங்கியது. அதாவது மேகி வாக்கர் வங்கி திறந்ததும், அவருடைய பேட்டை தனித் தொகுதி என்ற தகுதியை இழந்ததும் ஒரே ஆண்டு. அதற்குப் பிறகு ரிச்மண்ட் மாமன்றத்துக்கு ஒரு கறுப்பினத்தவர் போக 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போனவர் வழக்கறிஞர் ஆலிவர் ஹில்.

1904-இல் டிராம் வண்டிகளில் இனவாரியாக இருக்கை பிரிக்கலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதி தந்தது. ரிச்மண்ட் டிராம் கம்பெனி உடனே அமல்படுத்தியது. 'ரிச்மண்ட் பிளானெட்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் மிட்செல் நடந்தே போங்கள் என்று எழுதினார். மேகி வாக்கரும் அதையே சொன்னார். மக்கள் நடந்தார்கள். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி அந்த ஆண்டே திவாலானது. சந்தை கொடுத்த தீர்ப்பு அது. சட்டமன்றம் அதை ஏற்கவில்லை: 1906-இல், பிரிக்கலாம் என்பதைப் பிரித்தே ஆக வேண்டும் என்று மாற்றியது. கம்பெனிக்கு நஷ்டம் வந்தாலும் பாகுபாடு காட்டியே தீர வேண்டும் என்று ஓர் அரசு சட்டம் போட்டிருக்கிறது. சுதந்திரச் சந்தை என்ற சொல்லை இந்த விவாதத்தில் யாராவது எடுக்கும்போது எனக்கு இந்த 1906 ஞாபகம் வந்துவிடும்.

பிறகு வந்தது சாலை. ரிச்மண்ட் நகருக்குள் விரைவுச் சாலை போடும் திட்டத்தை உள்ளூர் வாக்காளர்கள் 1950-களின் தொடக்கத்தில் இருமுறை நிராகரித்தார்கள். 1954-இல் மாநிலச் சட்டமன்றம் சுங்கச்சாலைக்கென்று தனி ஆணையம் ஒன்றை உருவாக்கி, வாக்கெடுப்பு தேவைப்படாத வழியைக் கண்டுபிடித்தது. ரிச்மண்ட் - பீட்டர்ஸ்பர்க் சாலை 1958-இல் திறந்தது. இன்றைக்கு அது 95-ஆம் எண் நெடுஞ்சாலையின் பகுதி. ஜாக்சன் வார்டின் நடுவே பள்ளம் தோண்டிப் போன சாலை, நூற்றுக்கணக்கான வீடுகளையும் கடைகளையும் விழுங்கியது. வடக்கே கில்பின் கோர்ட் என்ற அரசுக் குடியிருப்பு ஒரு பக்கம், பழைய கடைத்தெரு மறுபக்கம் என்று பேட்டை இரண்டானது. சிக்ஸ்த் மவுண்ட் சயான் என்ற பழைய தேவாலயம் தப்பியது. சாலை அதை ஒட்டி வளைந்து போகிறது.

1970-இல் நகரம் பக்கத்து செஸ்டர்ஃபீல்டு மாவட்டத்தின் ஒரு துண்டை இணைத்துக்கொண்டது. வந்து சேர்ந்த ஏறத்தாழ 47,000 பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர். 52 சதவீதமாக இருந்த கறுப்பின மக்கள் தொகை 42 ஆகக் குறைந்தது. கர்ட்டிஸ் ஹோல்ட் என்ற குடியிருப்புத் தலைவர் வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை ரிச்மண்டில் மாமன்றத் தேர்தலே நடக்கவில்லை. கடைசியில் வார்டு வாரியாக 1977-இல் தேர்தல் நடந்தது. ஒன்பது இடங்களில் ஐந்து கறுப்பின உறுப்பினர்களுக்குக் கிடைத்தது. ஹென்றி மார்ஷ் நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார். 30 சதவீதச் சட்டம் இந்த மாற்றத்தின் வழியாக வந்ததுதான். அதற்கு முன்னுதாரணமும் இருந்தது: 1977-இல் நாடாளுமன்றம் தேசியப் பொதுப்பணி நிதியில் 10 சதவீதம் ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் 1980-இல் ஏற்றுக்கொண்டிருந்தது.

இனி தீர்ப்புக்கு வருவோம். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரிச்மண்ட் தோற்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். மாநிலமோ நகராட்சியோ இன அடிப்படையில் எந்த ஏற்பாடு செய்தாலும், நல்ல நோக்கம் என்றாலும், மிகக் கடுமையான பரிசோதனையில் அது தேற வேண்டும் என்றார். சமூகத்தில் பொதுவாகப் பாகுபாடு இருந்தது என்று சொன்னால் போதாது. இந்த ஊரில், இந்தத் தொழிலில், இன்னார் இப்படிப் பாகுபாடு காட்டினார்கள், அல்லது நகராட்சியே அதற்கு உடந்தையாக இருந்தது என்று காட்ட வேண்டும். மக்கள் தொகை 50 சதவீதம், ஒப்பந்தம் 0.67 சதவீதம் என்று இரண்டையும் பக்கத்தில் வைப்பது தவறு. ஒப்பிட வேண்டியது தகுதியுள்ள, வேலைக்குத் தயாராக உள்ள சிறுபான்மை நிறுவனங்களின் எண்ணிக்கையோடு. கட்டுமான காண்ட்ராக்டர்களின் சங்கங்களில் கறுப்பின உறுப்பினர்கள் அநேகமாக இல்லை என்பதற்கு, அவர்கள் வேறு தொழில்களை விரும்பியிருக்கலாம் என்பதும் ஒரு விளக்கமாக இருக்கலாம் என்றார்.

ஒரு விஷயத்தில் ஓ'கானர் கை வைத்த இடம் சரியான இடம். சட்டத்தில் 'சிறுபான்மையினர்' பட்டியலில் அலாஸ்காவின் பூர்வகுடிகளான எஸ்கிமோக்களும் அலூட் மக்களும் இருந்தார்கள். ரிச்மண்டில் அலூட் இனத்தவர் ஒருவராவது குடியிருந்தாரா? மத்திய அரசின் சட்டத்திலிருந்து பட்டியலை அப்படியே நகல் எடுத்திருந்தார்கள். பழைய கொடுமைக்குப் பரிகாரம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கொடுமைக்கு ஆளாகாதவர்களையும் சேர்த்தால் பரிகாரம் என்ற வாதமே ஆட்டம் காணும்.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். கறுப்பினத்தவர், பள்ளி இனப்பிரிவினை வழக்குகளில் ஆலிவர் ஹில்லோடு தோளோடு தோள் நின்று வாதாடியவர். உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களின் தலைநகராக இருந்த ஒரு நகரம் தன் பழைய பாவத்தைத் தானே எதிர்கொள்வது வரவேற்க வேண்டிய விஷயம், அதற்கே முட்டுக்கட்டையா என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்கு அந்த ஊர் தெரியும்.

என் பார்வையில் தீர்ப்பின் பலவீனம் அந்த ஒப்பீட்டில் இருக்கிறது. தகுதியுள்ள நிறுவனங்களை மட்டும் எண்ணு என்கிறார்கள். சாலைக்காக இடிக்கப்பட்ட கடையின் வாரிசு காண்ட்ராக்டர் ஆகவே இல்லையென்றால், அவர் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார். எவ்வளவு ஆழமாக ஒருவரை வெளியே தள்ளியிருக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் புள்ளிவிவரத்தில் பாகுபாடு குறைவாகத் தெரியும்.

இதை விளங்கிக்கொள்ள உத்தரவாதப் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும். வர்ஜீனியாவில் ஐந்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட அரசுக் கட்டுமான வேலை எடுத்தால், பாதியில் ஓடிவிட மாட்டேன், கூலியும் சரக்கு விலையும் பட்டுவாடா செய்வேன் என்பதற்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பத்திரம் வேண்டும். அந்த நிறுவனம் பத்திரம் கொடுக்கும் முன் கேட்பது: இதற்கு முன் எவ்வளவு பெரிய வேலை முடித்தாய்? வங்கியில் கையிருப்பு என்ன? சொத்து என்ன? பெரிய வேலை செய்திருந்தால்தான் பத்திரம். பத்திரம் இருந்தால்தான் பெரிய வேலை. இந்த வட்டத்துக்குள் முதல்முறை நுழைய அப்பா வைத்துவிட்டுப் போன வீடோ இடமோ பெரும்பாலும் வேண்டும். கேட்பவர் யாரும் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதே இல்லை.

ஓ'கானர் இதையும் அறியாதவர் அல்ல. டெண்டர் நடைமுறையை எளிதாக்குங்கள், பத்திர நிபந்தனையைத் தளர்த்துங்கள், பயிற்சியும் நிதியுதவியும் எல்லா இனத்துச் சிறு நிறுவனங்களுக்கும் கொடுங்கள், இதையெல்லாம் செய்து பார்த்தீர்களா என்று ரிச்மண்டைக் கேட்டார். அந்தக் கேள்விதான் பின்னால் வந்த முப்பத்தைந்து ஆண்டுக் கொள்கைக்கு அச்சாக அமைந்தது.

அட்லாண்டாவின் திட்டம் அதே ஆண்டு மாநில நீதிமன்றத்தில் விழுந்தது. மற்ற நகரங்கள் வழக்கு வரும் முன்பே தம் திட்டங்களை நிறுத்தின, அல்லது புள்ளிவிவரம் தேடி ஓடின. ஏற்றத்தாழ்வு ஆய்வு என்று புதிதாக ஒரு தொழிலே பிறந்தது. ஆலோசனை நிறுவனங்கள் அரசின் பல்லாயிரம் பில்களைப் பிரித்து, எந்தத் தொழிலில் எத்தனை சிறுபான்மை நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு எத்தனை டாலர் போயிருக்கிறது என்று கணக்கிட்டுத் தருகின்றன. வர்ஜீனியாவே இப்படி ஆய்வு செய்திருக்கிறது. 2021 தொடக்கத்தில் வெளியான ஆய்வின்படி, சிறுபான்மையினரும் பெண்களும் நடத்தும் நிறுவனங்கள் மாநிலக் கொள்முதலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் செய்யும் நிலையில் இருந்தன. கிடைத்தது 13 சதவீதத்தை ஒட்டி. நீதிமன்றம் கேட்ட மாதிரியே எண்ணிப் பார்த்தாலும் பள்ளம் இருக்கிறது.

ஆனாலும் வர்ஜீனியா இன அடிப்படையில் ஒதுக்கீடு வைக்கவில்லை. மாநிலத்தில் நடப்பது 'ஸ்வாம்' என்று எல்லோரும் சொல்லும் சான்றிதழ் முறை: சிறு நிறுவனம், பெண் உடைமை, சிறுபான்மை உடைமை. 2014-இல் இரண்டு துறைகளை இணைத்து உருவாக்கிய சிறுதொழில் மற்றும் சப்ளையர் பன்முகத்துறை இதை வழங்குகிறது. மாநிலக் கொள்முதலில் 42 சதவீதம் சான்றிதழ் பெற்ற சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று ஆளுநரின் ஆணை அதே 2014-இல் இலக்கு வைத்தது. கவனிக்க: இலக்கு, சிறு நிறுவனங்களுக்கு. ஒதுக்கி வைப்பதும் அளவை வைத்துத்தான். 25 பேருக்கு மேல் வேலை செய்யாத குறுநிறுவனங்களுக்கு 10,000 டாலர் வரையிலான கொள்முதலையும், சிறு நிறுவனங்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரையிலானதையும் ஒதுக்கிவைத்தார்கள். சிறு நிறுவனம் என்றால் 250 ஊழியர்கள் வரை இருக்கலாம் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த அளவுக்குள் வெள்ளையர் நிறுவனங்களும் ஏராளம்.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. வர்ஜீனியா சட்டத்தில் சிறுபான்மையினர் என்ற வரையறைக்குள் இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்களும் வருகிறார்கள். வாஷிங்டனை ஒட்டிய வட வர்ஜீனியாவில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஒரு தமிழர், அமெரிக்கக் குடியுரிமையோ சட்டபூர்வ நிரந்தரக் குடியிருப்போ இருந்தால், மேகி வாக்கரின் பேட்டையில் நான்கு தலைமுறையாக வாழும் பிளம்பருக்குக் கிடைக்கும் அதே சிறுபான்மைச் சான்றிதழைப் பெறலாம். சட்டப்படி தவறில்லை, நிறவெறியை நம்மவர்களும் சந்திக்கிறார்கள். ஆனால் 1902-இன் தலைவரியும் 1958-இன் சாலையும் நம் வரலாறு அல்ல. அலூட் மக்களைப் பற்றி ஓ'கானர் கேட்ட கேள்வி நம்மை நோக்கியும் திரும்பும், அதைச் சங்கடத்தோடாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாரம்பரியத்தை நினைவுகூரும் பக்கத்தில் மட்டும் சட்டமன்றத்தின் கை தாராளமாகிக்கொண்டே வந்திருக்கிறது. கிராசன் தீர்ப்பு வந்த அதே 1989-இன் நவம்பரில், ரிச்மண்டில் பிறந்த டக்ளஸ் வைல்டர் வர்ஜீனியா ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் ஒரு மாநிலத்துக்கு ஆளுநராகத் தேர்வானது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. 1984 முதல் 2000 வரை இந்த மாநிலம் மார்ட்டின் லூதர் கிங் நாளையும் அடிமை மாநிலத் தளபதிகள் லீ, ஜாக்சன் இருவரின் நாளையும் ஒரே விடுமுறையாகக் கொண்டாடியது என்பதை இன்று சொன்னால் நம்புவது கடினம். 2020-இல் லீ - ஜாக்சன் நாளை நீக்கித் தேர்தல் நாளை விடுமுறையாக்கினார்கள். சிலைகளை அகற்றும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். ரிச்மண்டின் பிரம்மாண்டமான லீ சிலை 2021 செப்டம்பரில் இறங்கியது. அகற்றிய சிலைகளின் உடைமை ஜாக்சன் வார்டில் இருக்கும் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 2024 ஜனவரியில் டான் ஸ்காட், மாநிலப் பிரதிநிதிகள் அவையின் முதல் கறுப்பினச் சபாநாயகரானார்.

இவற்றில் எனக்கு முக்கியமாகத் தெரிவது பெரிதாகப் பேசப்படாத ஒன்று: 2017-இல் வந்த கல்லறைச் சட்டம். தோற்ற அடிமை மாநிலப் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்க வர்ஜீனியா கல்லறைக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் என்று கணக்குப் போட்டுப் பல பத்தாண்டுகளாகப் பணம் தந்தது. மேகி வாக்கரும் ஜான் மிட்செலும் புதைக்கப்பட்ட எவர்கிரீன் கல்லறைத் தோட்டமோ கொடி மூடிப் புதர்க்காடாகக் கிடந்தது. தன்னார்வலர்கள் கத்தரிக்கோலும் அரிவாளுமாகப் போய்க் கல்லைத் தேடினார்கள். சட்டமன்ற உறுப்பினர் டெலோரஸ் மெக்வின் கொண்டுவந்த மசோதா, எவர்கிரீனுக்கும் ஈஸ்ட் எண்டு என்ற இன்னொரு கறுப்பினக் கல்லறைத் தோட்டத்துக்கும் அதே வழியில் நிதி கிடைக்கச் செய்தது. புதிய சலுகை என்று இதில் ஒன்றும் இல்லை. ஒரு தரப்புக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்ததை மறுதரப்புக்கும் கொடுத்தார்கள். அதனால்தான் எதிர்ப்பதற்கு யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. ஒப்பந்தங்களைப் பற்றிய விவாதமும் இப்படித் தொடங்கியிருந்தால் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

நெடுஞ்சாலையின் மேல் மூடி போட்டு ஜாக்சன் வார்டின் இரு பாதிகளையும் இணைக்கும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. திட்டமிடும் பணிக்கு 2023-இல் மத்திய அரசு 13.5 லட்சம் டாலர் தந்தது. அது என்றைக்காவது கட்டுமானமாக மாறினால், அந்தக் கான்கிரீட்டை ஊற்றும் ஒப்பந்தம் யாருக்குப் போகும் என்பது நியாயமான கேள்வி. மத்திய நிதியில் நடக்கும் சாலை வேலைகளில் 'பின்தங்கிய நிறுவனங்களுக்கு' இலக்கு வைக்கும் முறை 1980-களிலிருந்து உண்டு. கறுப்பினத்தவர், பெண்கள், ஆசிய வம்சாவளியினர் உள்ளிட்டோர் பின்தங்கியவர் என்று அதில் முன்கூட்டியே கருதப்பட்டார்கள். 2025 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அந்த முன்கருத்தை இடைக்கால விதி ஒன்றின் மூலம் நீக்கிவிட்டது. ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்தவர்களையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. இனி விண்ணப்பிப்பவர், தனக்கு எந்தக் கடன் மறுக்கப்பட்டது, எந்த வாய்ப்பு கைநழுவியது என்று நிகழ்ச்சி நிகழ்ச்சியாகத் தன் கதையைத் தானே எழுதி, ஆதாரத்தோடு தர வேண்டும். வர்ஜீனியாவில் அந்த விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும் ஸ்வாம் சான்றிதழ் கொடுக்கும் அதே துறைதான். சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் பெரிய வேலைக்கு அந்த உத்தரவாதப் பத்திரம் வேண்டும்.